கிள்ளானுக்குப் போன டிஸ்கெட்

1998ஆம் ஆண்டு. பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் மூன்று இரவு கண்விழித்து, கோயில் திருவிழா மலருக்கான நாற்பது பக்கங்களைத் தட்டி முடித்திருந்தேன். தலைவர் வாழ்த்து, செயலாளர் அறிக்கை, உபயகாரர் பட்டியல் எல்லாம் ஒரே டிஸ்கெட்டில் அடங்கிவிட்டன. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிள்ளானுக்கு பஸ் ஏறினேன். ஜாலான் தெங்கு கெலானாவுக்குப் பின்புறச் சந்தில் இருந்தது அச்சகம். முதலாளி டிஸ்கெட்டைச் செருகிக் கோப்பைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

“என்ன தம்பி இது, பூச்சி பூச்சியா ஊருது?”

‘அருள்மிகு’ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பவுண்டு குறி, ஒரு தலைகீழ்க் கேள்விக்குறி, தொப்பி போட்ட பிரெஞ்சு எழுத்துகள் இரண்டு. நாற்பது பக்கமும் அப்படித்தான். என்னிடம் இருந்த எழுத்துரு அவரிடம் இல்லை. அவரிடம் இருந்த எழுத்துருவை மாட்டிப் பார்த்தோம். பூச்சிகள் போய்த் தமிழ் எழுத்துகள் வந்தன, ஆனால் ஒரு சொல்லையும் வாசிக்க முடியவில்லை. எங்கள் மென்பொருளில் ‘க’ உட்கார்ந்திருந்த எண்ணில் அவருடையதில் ‘ண்’ உட்கார்ந்திருந்தது. சரி, எழுத்துருவையே கொண்டுவரலாம் என்றால் அதற்கு ஒரு பூட்டு உண்டு. கணினியின் முதுகில், பிரிண்டர் கேபிள் மாட்டும் இடத்தில் செருகியிருக்கும் தீப்பெட்டி அளவுப் பெட்டி அது. அதைக் கழற்றினால் மென்பொருள் வாயைத் திறக்காது. கடைசியில் கணினியையே டாக்சியில் ஏற்றி, திரையை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். அங்கேயே டிரேசிங் தாளில் லேசர் அச்சு எடுத்துத் தட்டுக்கு அனுப்பினோம்.

தமிழ்க் கணினிக்காரர்களின் அமைப்பான உத்தமத்தின் இருபத்தைந்து ஆண்டு வரலாற்றை அதன் விழா மலருக்கு எழுதித் தரச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த டாக்சிக் கட்டணம்தான். கோயில் நிர்வாகம் அதைக் கடைசிவரை தரவில்லை.

இளையவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அந்தக் காலத்து எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும் போய்விடும். மீதி 128இல் தமிழைக் குடியேற்றவேண்டும். நம் எழுத்து 247. ஆனால் 247க்கும் தனித்தனி இடம் தேவையில்லை. ‘கா’வுக்கு ஒரு ‘க’, ஒரு கால் போதும். ‘கை’க்கு ஒரு இணைக்கொம்பு, ஒரு ‘க’. இடைஞ்சல் உகர வரிசையில்தான். கு, சு, து, நு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். உகரத்துக்குப் பதினெட்டு, ஊகாரத்துக்குப் பதினெட்டு வடிவம் தேவை. வடமொழி எழுத்துகள் வேறு. இருக்கிற வீடு சின்னது, சாமான் அதிகம். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்குத் தோன்றிய மூலையில் ஒன்றை வைத்தார். சென்னையில் ஒரு வரிசை, புனேயில் ஒன்று, யாழ்ப்பாணத்துக்காரர் கனடாவில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று. வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகாதிருக்க இது வசதி என்று நினைத்தவர்களும் உண்டு. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இரவும் பகலும் உழைத்து ஒரு எழுத்துருவை வரைந்தவர் அதை விற்றுத்தான் சாப்பிடவேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு மேசை போட்டு முதலில் ஆட்களை உட்காரவைத்தவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. கல்விக் கழக விரிவுரையாளர். ‘கணியன்’ என்று தம் தமிழ் மென்பொருளுக்குப் பெயர் வைத்தவர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழ்ப் பக்கங்களை ஏற்றியவர் அவர்தான். தோள் கொடுத்தவர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ. சீனர், உயிர்வேதியியல் பேராசிரியர். ஒரு தமிழ் எழுத்தாளரும் ஒரு சீன விஞ்ஞானியும் சேர்ந்து தமிழை வலையில் ஏற்றினார்கள் என்பது நம் வட்டாரத்தில் மட்டுமே நடக்கக்கூடியது. 1997 மே 17, 18ஆம் தேதிகளில் அவர்கள் கூட்டிய ‘தமிழ்நெட் 97’தான் பின்னாளில் உத்தமம் நடத்திய மாநாட்டு வரிசைக்குப் பிள்ளையார் சுழி.

அதே காலத்தில் சிட்னியில் இருந்துகொண்டு, நம் மலேசியாக்காரர் பாலா பிள்ளை ‘தமிழ்.நெட்’ என்ற மின்னஞ்சல் குழுவை நடத்தினார். அந்தத் திண்ணையில்தான் ‘திஸ்கி’ என்ற எழுத்து ஒழுங்கு பிறந்தது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வு செய்துகொண்டே ‘மயிலை’ எழுத்துருவை வரைந்து இலவசமாக விட்ட கு. கல்யாணசுந்தரம், நம் மலேசியாவின் முத்து நெடுமாறன், இன்னும் பலர் மாதக்கணக்கில் மின்னஞ்சலிலேயே வாதாடி, எந்த எழுத்துக்கு எந்த எண் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அரசாங்கம் இல்லை, அலுவலகம் இல்லை, அமர்வுப்படி இல்லை. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமும் பிறகு அந்த ஒழுங்குக்கே மாறிப் பழந்தமிழ் நூல்களை ஏற்றியது.

பிறகு 1999 பிப்ரவரி 7, 8. சென்னை. தமிழ்நாடு அரசே கூட்டிய ‘தமிழ்நெட் 99’. அங்கே வேறு இரண்டு பட்டியல்கள் அறிவிக்கப்பட்டன. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்திருக்க ‘டேப்’, தமிழ் மட்டும் என்றால் ‘டேம்’. ஆக, ஒன்றாக்கக் கூடியவர்கள் மூன்றாக்கிவிட்டுக் கலைந்தார்கள் என்று அப்போது கேலி பேசினோம். முப்பது மூன்றானது முன்னேற்றந்தான் என்பது பிற்பாடுதான் உறைத்தது. அந்த ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார். தாம் தொடங்கியது ஓர் அமைப்பாக நிற்பதை அவர் பார்க்கவில்லை.

சென்னை மாநாட்டின் நிலைத்த பயன் விசைப்பலகை. தமிழ்99. அதை ஒரு வடிவமைப்புப் படைப்பாகவே பார்க்கிறேன். உயிரெழுத்து முழுவதும் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம் ஆக 31 விசைகளில் 247 எழுத்தும் அடக்கம். ‘அம்மா’ என்று அடித்துப் பாருங்கள். அ, ம, ம, ஆ. நான்கே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் மெய்க்குப் புள்ளி தானாக விழும். தமிழில் இரட்டித்து வரும் மெய்யில் முதலாவது எப்போதும் புள்ளி பெறும் என்ற இலக்கணம் விசைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பழைய தட்டச்சுப்பொறியில் புள்ளிக்கென்று ஒரு விசையைத் தேடி அலைந்த விரல்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் மலேசியப் பிள்ளைகளில் பலர் இன்றும் ரோமன் எழுத்தில் அடிப்பதைத் தமிழாக்கும் ‘அஞ்சல்’ முறையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் அடித்துப் பழகிய கை அது. அதைக் கண்டு முகம் சுளிக்கும் தமிழாசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எந்த வாசல் வழியாக வந்தால் என்ன, வீட்டுக்குள் வந்தால் சரி.

2000 ஜூலையில் மீண்டும் சிங்கப்பூர். இம்முறை ‘தமிழ் இணையம் 2000’. நிறைவு நாளான ஜூலை 24 அன்று உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தொடங்கப்பட்டது. சுருக்கினால் உத்தமம். சுருக்கப்பெயர் இவ்வளவு பொருத்தமாக அமைவது அபூர்வம். பெயர் வைத்தவர் முதலில் சுருக்கத்தை யோசித்துவிட்டுப் பிறகு விரித்தாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. ஆண்டுக்கொரு மாநாடு, நடுவே பணிக்குழுக்கள் என்பது ஏற்பாடு. கலைச்சொல்லுக்கு ஒரு குழு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் வரிசையான யூனிகோடுக்கு ஒரு குழு, இணையப் பெயர்களுக்கு ஒரு குழு. இவற்றில் யூனிகோடுக் குழுவின் வேலைதான் நம் கதைக்கு உயிர்நாடி.

அடுத்த ஆண்டே மாநாடு நம் வாசலுக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 26 முதல் 28 வரை, கோலாலம்பூர்.

அந்த ஆண்டு ஏப்ரலில்தான் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறந்திருந்தார்கள். பழைய ரயில்வே நிலப்பரப்பில் கண்ணாடியும் இரும்புமாக அது எழுந்து நின்றபோது, எதிர்ப்பக்கம் பிரிக்பீல்ட்ஸ் இன்னும் பூக்கடையும் வாழையிலைச் சாப்பாடும் கேசட் கடையுமாகத்தான் இருந்தது. லிட்டில் இந்தியா வளைவும் வண்ணமும் வந்தது 2010 அக்டோபரில்தான், மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்தபோது. நகரமோ தன்னைத் தகவல் தொழில்நுட்பத் தலைநகராகக் காட்டிக்கொள்ளும் மும்முரத்தில் இருந்தது. 1996இல் அறிவித்த மல்டிமீடியா பெருவழி, சைபர்ஜெயா என்று எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. தமிழ்க் கணினிக்காரர்கள் கூடுவதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் வாய்த்திருக்காது.

மாநாடு கூட்டுவதில் கோலாலம்பூர் தமிழருக்குப் பழக்கமும் இருந்தது. முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு இங்கேதான், 1966 ஏப்ரலில் நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள் கூட்டினார், துங்கு அப்துல் ரகுமான் திறந்துவைத்தார். 1987இல் ஆறாவது மாநாடும் இங்கே. ஆனால் அவற்றுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு. அங்கே கட்டுரை படித்தவர்கள் கட்டுரையோடு வீடு திரும்பினார்கள். கருத்து வேறுபாடு இருந்தால் மறுப்புக் கட்டுரை எழுதினால் போதும். இங்கே வந்தவர்கள் கடை வைத்திருந்தவர்கள். ஒருவர் சொல்லும் எண்ணை மற்றவர் ஏற்றால், ஏற்பவரின் அலமாரியில் உள்ள சரக்கு அத்தனையும் பழசாகிவிடும். இணைய மாநாடு என்றுதான் பெயர். உள்ளே நடந்ததோ ஒரு வடிவமைப்பு மாநாடும் ஒரு வணிகச் சந்தையும் சேர்ந்த கலவை. எழுத்து எப்படி இருக்கவேண்டும், விரல் எங்கே விழவேண்டும், அதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்ற மூன்றும் ஒரே தேநீர் மேசையில் ஓடின.

நான் போனது ஒரே ஒரு நாள்தான். கிள்ளான் அச்சக முதலாளியையும் இழுத்துக்கொண்டு போனேன். அவர் ஆறாம் வகுப்போடு நிறுத்தி, ஈய எழுத்து கோத்து வளர்ந்தவர். அச்செழுத்துப் பெட்டியான கேஸில் எந்த அறையில் எந்த எழுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். யூனிகோடு பற்றிய பேச்சை அரைமணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு என் காதோரம் குனிந்தார். “உலகம் பூரா ஒரே கேஸுங்கிறாங்க. அப்படித்தானே?”

அதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. வெளியே வந்து தே தாரிக் குடிக்கும்போது அவர் அடுத்த கேள்வியைப் போட்டார். “அப்போ நான் பூட்டுக்குக் கொடுத்த காசு?”

அவர் கேட்டதுதான் அந்த மண்டபத்தில் பலர் மனத்தில் இருந்த கேள்வியும். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுவிட்டது. இந்திய அரசின் பழைய ஒழுங்கைப் பார்த்து, எல்லா இந்திய மொழிக்கும் ஒரே அச்சில் வார்த்த பகுதி அது. நம்மைக் கேட்டுச் செய்ததல்ல. தேவநாகரியில் உள்ள வர்க்க எழுத்துகளுக்கு நேராக நம் பகுதியில் வெற்றிடங்கள் பல்லிழந்த வாய்போல இருக்கின்றன. ‘கொ’ என்று எழுத முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி. கொம்பைப் பிரித்து இடப்பக்கம் போடுவதும் காலை வலப்பக்கம் போடுவதும் எழுத்துருவின் வேலை. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரவில்லையே என்று தமிழறிஞர்கள் பலர் மனம் புழுங்கினார்கள். அதில் நியாயமும் உண்டு. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல் யூனிகோடில் ஐந்து குறிகள் ஆகிறது. ஆனாலும் அது உலகம் முழுவதும் ஏற்ற எண். விண்டோஸ் 2000இலேயே ‘லதா’ என்ற எழுத்துருவோடு தமிழ் வந்துவிட்டிருந்தது. கோலாலம்பூர் மாநாடு முடிந்த இரண்டே மாதத்தில் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது. இனி திஸ்கியா டேப்பா என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பவர் ரயில் போன பிறகு டிக்கெட்டுக்குச் சண்டை போடுபவர் ஆவார்.

இங்கேதான் என் தனிக் கருத்தைச் சொல்லவேண்டும். எண்ணைப் பூட்டிவைத்திருந்தவரை எழுத்தின் அழகைப் பற்றி எவரும் பேசவில்லை. வாங்குகிறவர் கேட்டதெல்லாம் ‘என் பழைய கோப்பு இதில் திறக்குமா’ என்பதுதான். எண் பொதுச்சொத்து ஆனவுடன் போட்டி வடிவத்துக்கு நகர்ந்தது. யாருடைய எழுத்து கண்ணுக்கு இதமாக இருக்கிறது, யாருடையது சின்னத் திரையில் தெளிவாகத் தெரிகிறது, யாருடையது தலைப்பில் நிமிர்ந்து நிற்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். தமிழ் எழுத்துரு வரைதல் ஒரு கலைத்தொழிலாகத் தலையெடுத்தது அதன் பிறகுதான். மாநாடுகளால் விளைந்தது என்ன என்று கேட்பவருக்கு என் பதில் இதுதான்.

அதற்குச் சாட்சி நம் வீட்டுப் பிள்ளையே. கிள்ளானுக்குத் தெற்கே, செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த கேரித் தீவில் பிறந்தவர் முத்து நெடுமாறன். தந்தை முரசு நெடுமாறன் தமிழாசிரியர், கவிஞர். ஒரு நூற்றாண்டு மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் திரட்டி ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ ஆக்கியவர். தந்தையின் பெயரில் இருந்த முரசு, எண்பதுகளில் மகனின் மென்பொருளுக்குப் பெயராகி, இந்த நாட்டுப் பத்திரிகை அலுவலகங்களுக்குள் நுழைந்தது. திஸ்கிக்காக வாதாடியவர், விற்பனைக்கு எழுத்துரு வைத்திருந்தவர், யூனிகோடுக்காக உத்தமத்தின் பணிக்குழுவில் உழைத்தவர் என்று இந்தக் கதையின் எல்லாப் பக்கத்திலும் அவர் இருக்கிறார். தன் சரக்கையே பழசாக்கும் ஒழுங்குக்காக வேலை செய்த வியாபாரி என்று சொன்னால் பொருந்தும்.

பலன் வராமல் போகவில்லை. 2005இல் ஆப்பிள் மேக் கணினிகளோடு அவருடைய ‘இணைமதி’ எழுத்துரு வந்தது. பிற்பாடு வந்த மேக் ஒன்றைத் திறந்து எழுத்துருப் பட்டியலை மெதுவாக உருட்டிப் பாருங்கள். தமிழ் எம்.என்., மலையாளம் எம்.என்., சிங்களம் எம்.என்., மியன்மார் எம்.என். அந்த எம்.என். முத்து நெடுமாறனின் தலைப்பெழுத்துகள். அதே பட்டியலில் கெமர் சங்கம் எம்.என்., லாவோ சங்கம் எம்.என். என்றும் வரும். புனோம்பென்னில் ஒரு மாணவன் தன் மொழியில் கடிதம் எழுதுகிறான், அவன் தேர்ந்தெடுத்த எழுத்துருவின் பெயரில் ‘சங்கம்’ இருக்கிறது, அதை வரைந்தவர் கேரித் தீவுக்காரர். பன்னாட்டு ஒத்துழைப்பு என்று மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருப்போம். எனக்கு அது இந்த ஒரு பட்டியலில்தான் கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிய, உங்கள் கைப்பேசித் திரையில் ‘கூடி’ என்ற சொல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘டி’யின் விலங்கு மேலே வளைகிறது. ‘கூ’வின் வால் கீழே சுழன்று திரும்புகிறது. ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரத்தில் இரண்டும் அடங்கவேண்டும். மேல் வரியின் வாலும் கீழ் வரியின் விலங்கும் இடித்துக்கொள்ளக்கூடாது. இடிக்காதிருக்க எழுத்தைச் சுருக்கினால், பக்கத்தில் உள்ள ஆங்கிலச் சொல் அண்ணன்போலவும் தமிழ்ச்சொல் தம்பிபோலவும் நிற்கும். ‘ண’வும் ‘னை’யும் அகலத்தை விழுங்கும். ஈய எழுத்துக் காலத்தில் ‘ணை’, ‘லை’ போன்றவற்றுக்கு யானைத் துதிக்கை போட்ட தனி அச்சுகள் இருந்தன. பெரியார் தம் இதழில் கைவிட்ட அந்த வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஆணை போட்டு நீக்கியது, நாமும் பின்னால் ஏற்றுக்கொண்டோம். அச்சுக்கோப்பவருக்குக் கேஸில் அறை குறைந்தது. அதே சீர்திருத்தம்தான் 128 இடத்துக்குள் தமிழைத் திணிக்கவும் உதவியது என்பதை அப்போது எவரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

வணிகக் கதையில் இன்னொரு மைல்கல் ‘செல்லினம்’. 2005 பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. அன்றைய கைப்பேசியில் ஆங்கிலக் குறுஞ்செய்தி என்றால் 160 எழுத்து, யூனிகோடில் அனுப்பினால் 70தான். பாதிக் கைப்பேசிகளில் தமிழே தெரியாது. அந்தச் சந்துக்குள் நுழைந்து தமிழில் செய்தி அனுப்ப வழி செய்தது அந்தச் செயலி. அந்த முதல் வடிவத்தை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை. ஆனால் பெயர் நிலைத்து, திறன்பேசி விசைப்பலகையாக மறுபிறவி எடுத்தது.

இதையெல்லாம் ஒருவரே செய்தார் என்ற தோற்றம் வந்துவிடக்கூடாது. எங்கள் ஊர்க்காரர் என்பதால் கை அங்கேயே போகிறது. சென்னையில் தமிழ் மென்பொருள் தயாரிப்பாளர்கள் கணித்தமிழ்ச் சங்கமாகத் திரண்டார்கள். அதை முன்னின்று நடத்திய ஆண்டோ பீட்டர் 2012இல் இளவயதிலேயே மறைந்தார். ஆஸ்திரேலியாவில் இருந்து முகுந்த் கொடுத்த ‘எ-கலப்பை’ காசு வாங்காமல் வீடு வீடாக உழுதது. காசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் ஒரே மாநாட்டில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டதை நான் அறிவேன். முறைப்பும் ஒருவகை உறவுதான்.

கோலாலம்பூருக்குப் பிறகு 2002இல் கலிபோர்னியா, 2003இல் சென்னை, 2004 டிசம்பரில் சிங்கப்பூர். அப்புறம் மாநாடு இல்லை. 2009 வரை இல்லை. விழா மலர்களில் இந்த மாதிரி இடைவெளிகளை ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று ஒரு வரியில் தாண்டிவிடுவது வழக்கம். நான் அப்படித் தாண்ட விரும்பவில்லை. சம்பளம் இல்லாத ஆட்கள், நான்கு கண்டத்தில் நான்கு நேரத்தில் விழித்திருப்பவர்கள் நடத்தும் அமைப்பு அது. களைப்பு வரும், பிணக்கும் வரும். வேடிக்கை என்னவென்றால், மாநாடு நடக்காத அந்த ஆண்டுகளில்தான் யூனிகோடு ஊரெல்லாம் பரவியது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை மயூரநாதன் போன்றவர்கள் கட்டுரை கட்டுரையாகக் கட்டினார்கள். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ வலைப்பதிவுகளைத் திரட்டியது. யாருடைய எழுத்துரு என்ற கேள்வியே எழாமல் மதுரைக்காரர் எழுதியதை ஓஸ்லோக்காரர் வாசித்தார். பாதை போட்டவர்கள் ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன.

2009 அக்டோபரில் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் மீண்டும் கூடினார்கள். 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டோடு சேர்ந்து நடந்ததுதான் கூட்டத்தில் பெரியது. அதை ஒட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடை அலுவல் குறியாக்கமாக ஏற்றது. கூடவே 247க்கும் தனி எண் வேண்டும் என்ற பழைய ஆதங்கத்துக்கு மரியாதையாக ‘டேஸ்16’ என்ற ஒழுங்கையும் ஏற்றது. பிலடெல்பியா, சிதம்பரம் கடந்து, 2013 ஆகஸ்ட் 15 முதல் 18 வரை மாநாடு மறுபடி கோலாலம்பூர் வந்தது, இம்முறை மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு. தனிநாயகம் அடிகள் தலைமை வகித்த துறை உள்ள அதே வளாகம்.

பன்னிரண்டு ஆண்டில் பேச்சே மாறிவிட்டிருந்தது. 2001இல் ‘எந்த எண்’ என்று அடித்துக்கொண்டோம். 2013இல் அந்தச் சொல்லே காதில் விழவில்லை. பேச்சறிதல், சொற்பிழை திருத்தி, கைப்பேசிச் செயலி, வகுப்பறையில் பலகைக் கணினி என்று கட்டுரைகள். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில் மாநாடு நடந்தால் ஆசிரியர்கள் வராமல் இருப்பார்களா? மாநாடு முடிந்து ஒரு மாதத்தில் ஐபோனின் ஐஓஎஸ் 7 வந்தது. அதில் தமிழ் விசைப்பலகை இரண்டு. தமிழ்99, அஞ்சல். இரண்டு வாசலும் திறந்தே இருந்தன.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. இணைய முகவரியின் வாலில் ‘.இந்தியா’ இருக்கிறது, ‘.இலங்கை’ இருக்கிறது, ‘.சிங்கப்பூர்’ இருக்கிறது. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் ஒன்று உண்டு, தமிழில் இல்லை. இரண்டு முறை மாநாடு கூட்டிய ஊர், உலகத்துக்கு எழுத்துரு கொடுத்த நாடு. கேட்டுப் பார்க்கலாம் என்று அடுத்த செயலவைக் கூட்டத்தில் யாராவது ஒரு வரி எழுதிவைத்தால் நல்லது.

இந்தக் கட்டுரையை யூனிகோடில் அடித்து, வாட்ஸ்அப்பில் கிள்ளானுக்கு அனுப்பினேன். டாக்சி தேவைப்படவில்லை. பெரியவர் இப்போது கடைக்கு வருவதில்லை, மகன் பார்க்கிறார். அவருடைய கணினியில் பழைய பேஜ்மேக்கர் இன்னும் ஓடுகிறது. அப்பா காலத்துக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதற்கு யூனிகோடு தெரியாது. ஆகவே யூனிகோடில் போன தமிழை ஒரு மாற்றிக்குள் போட்டுப் பழைய எழுத்துருவுக்கு இறக்கித்தான் பக்கம் கட்டுகிறார். மறுநாள் மெய்ப்பு வந்தது. முதல் பக்கத்தில், மலர்க்குழுத் தலைவர் பெயருக்கு முன்னால் ‘ஸ்ரீ’ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கட்டம். தொலைபேசியில் அழைத்தேன்.

“ஆமாண்ணே, பார்த்தேன்” என்றார். “அந்த ஒரு எழுத்தை மட்டும் கையால ஒட்டிடறேன். அப்பா டிராயர்ல பழைய அச்சு கிடக்கு.”